ஈரம் தெரிந்தும் சொல்லாத எந்திரம்

1

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். நாங்கள் உருவாக்கும் நடுத்தர மெயின்ஃபிரேம் கணினி விற்பனைக்கு வந்து பத்து வருஷம் ஆகிறதாம். கேக்கையும் அதே வடிவத்தில் செய்யச் சொல்லியிருந்தார்கள். கறுப்பாக, நெட்டையாக, பக்கவாட்டில் சர்க்கரைக் கம்பிகளோடு இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால், முதல் வரியிலேயே ஊர்ப் பெயர்.

'தென்காசி, இந்தியா. கணினி நின்றுபோனது. காரணம்: பயன்படுத்தியவரின் பிழை. குளிரூட்டும் பிரிவின் ஒப்புதலுக்கு.'

குளிரூட்டும் பிரிவு என்றால் நான்தான். அந்தக் கணினி இருக்கும் அறையில் வேலை பார்ப்பவள் என் தங்கை ஜீனத். கேக்கை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன்.

வட ஜெர்மனியில் இருக்கிறேன் என்று சொன்னால், தென்காசிப் பக்கம் எங்கள் ஊரான அச்சன்புதூரில் இன்றைக்கும், "அது துபாய்க்கு அங்கிட்டா, இங்கிட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தெருவில் பாதிப்பேர் வளைகுடாவில் இருப்பதால் கடல் தாண்டினால் எல்லாம் ஒரே இடம்தான். என்ன வேலை என்று கேட்டால் கம்ப்யூட்டர் என்பேன். அதற்கு மேல் அவர்களும் கேட்கமாட்டார்கள், நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லியே தீரவேண்டும்.

மெயின்ஃபிரேம் என்பது வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட் மாதிரி லட்சக்கணக்கான பேருடைய வேலையை ஒரே நேரத்தில் பார்க்கும் பெரிய கணினி. அதற்கென்று தனி மண்டபம் கட்டவேண்டும், தரைக்கடியில் தண்ணீர்க் குழாய் ஓடவேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். அவ்வளவு செலவு செய்ய முடியாத நிறுவனங்களுக்காக வந்ததுதான் நடுத்தரக் கணினி. மூளை அதே மூளைதான். ஒரு இரும்பு பீரோவுக்குள் அடங்கிவிடும், தண்ணீர் வேண்டாம், காற்றே குளிர வைக்கும். எங்கள் விற்பனைக்காரர்கள் உலகம் முழுக்கப் போய்ச் சொன்னது ஒரே வாசகம்: 'சாதாரண அறையே போதும்.'

அந்தக் காற்றை ஆள்கிற நிரலை எழுதியவர்களில் நான் ஒருவன். எப்போது விசிறி வேகமாகச் சுற்றவேண்டும், எவ்வளவு சூட்டில் கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பதெல்லாம் எங்கள் பொறுப்பு.

2

இந்த வேலைக்கு வரும்போது, சின்னக் கணினியைப் பெரிதாக்குவதுதான் நடுத்தரக் கணினி செய்வது என்று நினைத்திருந்தேன். விஷயம் தலைகீழ். பெரியதைச் செய்து முடித்துவிட்டு, அதில் எதையெல்லாம் பூட்டலாம் என்று சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான் பாதி வேலை. தனியாக இன்னொரு மின் பலகை செய்ய ஆகும் செலவைவிட, இருக்கிற பலகையில் ஒரு வசதியை முடக்கிவைப்பது மலிவு. வேகத்தைப் பூட்டுவார்கள், நினைவகத்தைப் பூட்டுவார்கள். பணம் கட்டினால் சாவி.

அதுகூடப் போகட்டும், வியாபாரம். கூட்டத்தில் நான் வாய்விட்டுச் சண்டை போட்டது ஒரே ஒரு பூட்டுக்காகத்தான். பெரிய கணினியில் ஈரப்பதத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. காற்றில் ஈரம் கூடி உலோகத்தில் நீர் கோத்துவிடும் என்ற நிலை வந்தால், இயக்குபவரின் திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வரும். அதே சென்சார் நடுத்தரக் கணினியிலும் இருக்கிறது. அளக்கிறது, அளந்ததைத் தனக்குள் எழுதியும் வைத்துக்கொள்கிறது. திரையில் மட்டும் காட்டாது. காட்டும் வசதியைப் பூட்டிவிட்டார்கள்.

"இது தேவைப்படுபவர்கள் பெரியதை வாங்கட்டும். எல்லாவற்றையும் இதிலேயே கொடுத்துவிட்டால் அதை யார் வாங்குவார்கள்?" என்றார் என் மேலாளர் மார்ட்டின். சாதாரண அறையில் வைக்கப்போவது நடுத்தரக் கணினியைத்தானே, ஈரம் அங்கேதானே வரும் என்று கேட்டேன். எதிர்ப்பு என்று என் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு காப்பி குடிக்கப் போய்விட்டார்கள்.

3

எங்கள் கணினி தென்காசிக்கு எப்படிப் போனது என்று கேட்டால், புயலுக்குப் பயந்து. ஒரு தனியார் வங்கி. பெயர் வேண்டாம். சென்னையில் வெள்ளம் வந்தால் கணக்கெல்லாம் முங்கிவிடும் என்று, கடலுக்குத் தூரமாக மாற்று மையம் ஒன்று வைக்க இடம் தேடினார்கள். குற்றாலம் சாலையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடி வாடகைக்குக் கிடைத்தது. சாதாரண அறையே போதும் என்று சொல்லித்தானே விற்றோம், அவர்களும் சாதாரண அறையில்தான் வைத்தார்கள். மேற்குப் பக்கம் வரிசையாக ஜன்னல்கள்.

ஜீனத் அங்கே பகல் பொறுப்பாளர். அச்சன்புதூரிலிருந்து ஸ்கூட்டரில் போய்வருவாள். என் கணினியை என் தங்கை பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. சொல்லாத ஆள் பாக்கியில்லை.

ஊர்க்காரர்களுக்குக் குற்றாலச் சீசனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால், தென்காசியில் எவனும் ஏசி போடமாட்டான். போட்டால் சிரிப்பார்கள். மேற்கு ஜன்னல்களை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, சாரல் முகத்தில் அடிக்கட்டும் என்று உட்காருவதற்காகத்தான் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் காசு செலவழித்து வருகிறார்கள். அந்தக் காற்று நமக்குச் சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைப்பதை ஜன்னலை அடைத்து வெளியே நிறுத்தினால் அவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த மையத்தின் மேலாளர் சுரண்டைக்காரர். சின்ன வயதுதான், ஆனாலும் அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கரண்டு பில்லைப் பார்த்துக் கண்கலங்குகிற ஜாதி. மாற்று மையம் என்பதால் கணினிக்குப் பெரும்பாலான நாள் வேலை கிடையாது, சூடாகாமல் சில்லென்று நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துவார்கள். சென்னைக் கணினியின் மொத்த வேலையையும் ஒருநாள் தென்காசிக்கு மாற்றிப் பார்ப்பார்கள். இந்த வருஷ ஒத்திகைக்கு அவர்களுக்குக் கிடைத்தது நல்ல சாரல் நாள்.

இரவெல்லாம் ஏசி ஓடி அறையும் இரும்பும் குளிர்ந்து கிடந்திருக்கிறது. காலையில் அண்ணாச்சி ஏசியை நிறுத்தச் சொன்னார், ஜீனத் ஜன்னலைத் திறந்தாள். சாரல் காற்று குளிர்ந்த இரும்பில் வந்து மோதியது. பிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சோடா பாட்டில் வேர்ப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், அதேதான் நடந்தது. ஒத்திகை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மின் பலகையில் நீர் இறங்கிக் கணினி நின்றுவிட்டது. வேலையை மறுபடி சென்னைக்குத் திருப்பி முடிக்கும்வரை, அன்றைக்குப் பாதி நாள் அந்த வங்கியின் ஏடிஎம் எதிலும் பணம் வரவில்லை.

எனக்கு ஊர்க்காரர்கள் மேலும் கோபம் வராமல் இல்லை. சீசன் தொடங்கினால் உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், தீக்குச்சி பற்றாது, அப்பளம் துணி மாதிரி தொங்கும். முறுக்கு டப்பாவை அழுத்தி மூடி வைக்கத் தெரிந்த ஊர், அத்தனை விலை கொடுத்து வாங்கிய கணினிக்கு ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கோபம் தண்ணீர் குடித்ததும் அடங்கிவிட்டது. நான் அங்கே இருந்தாலும் திறந்திருப்பேன்.

4

மத்தியானம் அவளைக் கூப்பிட்டேன். வீட்டில் இருந்தாள். வேலை நாளில் வீட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"என்னைய வரவேண்டாம்னு சொல்லிட்டாவண்ணே. வெள்ளிக்கிழம திருநெல்வேலில விசாரணை. அதுக்கு முன்னாடி 'என்னோட கவனக்குறைவு'ன்னு எழுதிக் குடுத்துட்டா பாத்துப் பண்ணுவோம்ங்காவ."

"அண்ணாச்சி சொல்லாம நீ ஏசியை நிறுத்தியிருக்கமாட்டியே?"

"சொன்னாவ. 'சீசன் வந்தாச்சுல்லா, எதுக்கும்மா ஏசி, நிப்பாட்டு'ன்னு அவிய வாயால சொன்னாவ. இப்பம் கேட்டா நான் அப்படிச் சொல்லவே இல்லங்காவ. எழுத்துல இருக்கான்னு கேக்காவ. எந்த ஊர்லண்ணே சீசன எழுத்துல சொல்லுவாவ?"

"ஜன்னலைத் திறக்கச் சொன்னதும் அவர்தானே?"

"இல்ல. அது நான்தான். ஏசிய நிப்பாட்டினா ஜன்னலத் தொறக்கத்தான செய்வாவ? நான் தொறக்கலன்னு என்னைய சொல்லச் சொல்லாத. தொறந்தேன். அந்தப் பொய் எனக்கு வேண்டாம்."

அவள் எப்போதும் இப்படித்தான். சின்ன வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து உடைத்த கண்ணாடிக்கு, தான் உடைத்த பாதியை மட்டும் கணக்காக ஒத்துக்கொண்டு என்னையும் சேர்த்து அடிவாங்க வைத்தவள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள். "என் ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு. நிக்குத வரைக்கும் பச்சை. ஈரம் ஏறுதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாதா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது நிறுவன ரகசியம், வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வைத்த கையை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

5

என் மகள் சாரா இங்கேயே பிறந்தவள், பதினோராம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். குற்றாலத்துக்கு ஒரே ஒருமுறை கூட்டிப்போனேன். ஐந்தருவியில் எண்ணெய் வாடை, கூட்டம் இடிக்கிறது என்று காரை விட்டு இறங்கவில்லை. சாப்பிடும்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "கணினி அறையில் ஜன்னலைத் திறக்கக்கூடாது என்பது விதிதானே, வாப்பா? விதி என்றால் விதி," என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். இந்த நாட்டில் ஜன்னல் திறப்பதைப் பற்றி என்னிடம் யாரும் பேசக்கூடாது. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் தினமும் ஜன்னல்களை அகலத் திறந்து காற்று மாற்றவேண்டும் என்று ஒரு விதியே இருக்கிறது. வெளியே பனி கொட்டினாலும் திறக்கவேண்டும். வந்த புதிதில் குளிருக்குப் பயந்து அடைத்தே வைத்திருந்தேன். சுவரில் பூஞ்சணம் பிடித்ததும் வீட்டுக்காரர் வந்து, ஒரு ஜன்னலை எப்படித் திறப்பது என்று எனக்குப் பாடம் நடத்தினார். தென்காசிக்காரனுக்குக் காற்று எப்படி உள்ளே வரும் என்று சொல்லிக்கொடுத்தார்!

அதை ஞாபகப்படுத்தியதும் சாரா சிரித்தாள். பிறகு, "மாமிக்கு ஏன் அந்த மெஷின் சொல்லல?" என்று கேட்டாள். அத்தையை எங்கள் வீடுகளில் கூப்பிடுகிறபடி மாமி என்று, தமிழில் கேட்டாள். எங்கேயிருந்து அந்தத் தமிழ் வந்தது என்று தெரியவில்லை.

அவளிடமும் பதில் சொல்லவில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறேன். அந்த அலுவலகத்தில் என் வாப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, மவுத்தாகி மண்ணுக்குப் போனவரைத்தான் ஒவ்வொரு முறையும் கவுன்ட்டருக்கு அழைக்கிறார்கள். அடுத்த மாதம் நேர்காணல். வேலையில் நீடிக்கிறேன் என்று நிறுவனத்திடமிருந்து அத்தாட்சி வாங்கி வரச்சொல்லியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் வாயைத் திறக்கலாமா, கூடாதா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் தங்கை திறந்த ஜன்னலைப் பற்றி உலகமே பேசுகிறது, நான் வாயைத் திறக்க யோசிக்கிறேன்.

6

மறுநாள் மார்ட்டினைப் பார்க்கப் போனேன். நான் உள்ளே போனதும் அவர் செய்த முதல் காரியம், ஜன்னலைத் திறந்தது. "கொஞ்சம் காற்று வரட்டும்," என்றார்.

ஜெர்மனிலும் நீ, நீங்கள் உண்டு. எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் எல்லாருக்கும் நீதான். அன்றைக்கு என் வாயிலிருந்து நீங்கள்தான் வந்தது. நம் வீடுகளில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை முற்றும்போது மரியாதை கூடுமே, அந்த மாதிரி.

"இந்த அறிக்கைக்கு நான் ஒப்புதல் தரமாட்டேன். நீங்களே படித்துப் பாருங்கள்."

"கணினி அறையில் யார் ஜன்னலைத் திறப்பார்கள்?" என்றார்.

"சாதாரண அறை போதும் என்று விற்றது நாம். சாதாரண அறைக்கு ஜன்னல் இருக்கும்."

"எவ்வளவு ஈரப்பதம் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறோம்."

"அவள் கையேட்டை மனப்பாடமே செய்திருந்தாலும், அளவு தாண்டியதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்? திரையில் பச்சைதானே இருந்தது? சென்சார் அளந்ததா, இல்லையா?"

"அளந்தது. நம் ஆட்கள் அந்தப் பதிவைப் படித்துத்தானே காரணத்தையே கண்டுபிடித்தார்கள்," என்றார் மார்ட்டின். பெருமையாகச் சொன்னார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மனிதரை நான் மன்னிக்கப்போவதில்லை. ஈரம் ஏறியதைக் கணினி காலையிலிருந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபிறகு அவளுக்கு எதிரான சாட்சியாக எங்களிடம் கொடுத்திருக்கிறது. அப்படி நடந்துகொள்ளும்படி அதை உருவாக்கியது நாங்கள். அடுத்த வீட்டில் தீப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு போலீஸில் போய் நேரத்தை மட்டும் சரியாகச் சொல்கிறவனை ஊரில் என்ன சொல்லித் திட்டுவார்களோ, அத்தனையும் எங்களுக்குப் பொருந்தும்.

அவள் என் தங்கை என்பதை அப்போதுதான் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. மார்ட்டினின் முகம் உடனே கனிந்துவிட்டது. "அடடா. அப்படியானால் நீ இதிலிருந்து விலகிக்கொள்வதுதான் முறை. உனக்கும் அதுதான் நல்லது," என்றார். பக்கத்துப் பிரிவுக்காரர் ஒப்புதல் போட்டார். சாயங்காலமே அறிக்கை வங்கிக்குப் போய்விட்டது.

என் எதிர்ப்பு முழுக்க வீண் என்று சொல்லமுடியாது. அதற்கும் ஒரு பலன் இருந்தது. அறிக்கையின் கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'இத்தகைய பிழைகளைத் தவிர்க்க, ஈரப்பத எச்சரிக்கை வசதியைக் கூடுதல் கட்டணத்தில் பெற்றுக்கொள்ளலாம்.' கூடவே விற்பனைப் பிரிவின் தொலைபேசி எண். ஒருத்திக்கு வேலை போகிற இடத்திலும் கடை விரித்துவிட்டார்கள்.

7

வியாழக்கிழமை ஜீனத்தே கூப்பிட்டாள். வங்கிக்காரர்கள் அந்த அறிக்கையை அவளுக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள்.

"கடைசி வரியப் படிச்சியா?" என்று கேட்டாள். "எச்சரிக்கை வசதின்னு போட்டிருக்கே. அது புதுசா வந்து மாட்டுவாவளா, இல்ல மெஷினுக்குள்ளயே இருக்கா?"

இந்த முறை நான் எதையும் யோசிக்கவில்லை. "உள்ளேயே இருக்கு. பூட்டி வச்சிருக்கோம்," என்றேன்.

"அப்பம் அன்னைக்கு அதுக்கு ஈரம் தெரிஞ்சிருக்கு."

"தெரியும். காலையிலேர்ந்தே தெரியும்."

அழப்போகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை. குரல் மட்டும் தடித்திருந்தது.

"ஒரு வாரமா அண்ணாச்சிகிட்டயும், மேலதிகாரிகிட்டயும், வீட்ல மாப்பிள்ளகிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே கெடக்கேன். உங்க கம்பெனில இருந்து யாராவது எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாவளா? நீ கேளு இப்பம்."

"ஜீனத், நான் அன்னைக்கே அவங்ககிட்ட..."

"நீ சண்ட போட்டிருப்ப. தெரியும். அண்ணனா நீ ஒண்ணும் கேக்க வேண்டாம். அந்த மெஷினச் செஞ்ச ஆளா எங்கிட்டக் கேளு."

கேட்டேன். வார்த்தை தடுமாறித்தான் வந்தது. அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"சரி," என்றாள். "இப்பம் சொன்னத அப்படியே எழுதி அனுப்பு. உன் பேரு, நீ என்ன வேல பாக்குத, எல்லாம் போட்டு. வாயால சொன்னதுக்கு இங்கன ஒரு மதிப்பும் இல்லண்ணே, பாத்துட்டேன்."

எழுதினேன். நிறுவனத்தின் பெயரையும், அதில் என் பொறுப்பையும் மேலே போட்டேன். ஈரப்பதம் அளவு தாண்டியதை எங்கள் கணினி அறிந்திருந்தது என்றும், அதை இயக்குபவருக்குக் காட்டும் வசதி அதற்குள் இருந்தும் நாங்கள் பூட்டி விற்றோம் என்றும், காட்டியிருந்தால் எவரும் ஜன்னலை மூடியிருப்பார்கள் என்றும் எழுதினேன். ஜீனத், நடந்ததற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

சாரா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் ஓடும். படித்து முடித்துவிட்டு, "இத அனுப்பினா உங்கள வேலைய விட்டு அனுப்பிருவாங்க," என்றாள்.

"ஆமா," என்றேன். அனுப்பினேன்.

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. 'கெடச்சுது. நாளைக்கு விசாரணைல அண்ணாச்சியையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, நானே எந்திரிச்சு நின்னு வாசிப்பேன்.'